கம்பவுண்டர் போட்ட ஊசி

மகனே,

இதை நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி. போன வெள்ளிக்கிழமை நீ போன் செய்தாய். மஸ்கட் வேலைக்கு ஒரு மருத்துவப் படிவம் நிரப்ப வேண்டும், உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத மருந்து என்ன என்று அதில் ஒரு கட்டம் இருக்கிறது, பென்சிலின் ஊசி என்று எழுதிவிட்டேன், சரிதானே அப்பா என்று கேட்டாய். நான் சரி என்றேன். நீ எழுதியது சரியில்லை. சின்ன வயதில் கம்பவுண்டர் போட்ட ஊசியால்தான் உன் தோல் உரிந்தது என்று நம் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். உன் அம்மா சொல்வாள், பெரிய மாமா சொல்வார், பெண் பார்க்கப் போன இடத்தில்கூட உன் கழுத்துத் தழும்பைப் பார்த்துக் கேட்டவர்களிடம் நானே அதைத்தான் சொன்னேன். அது பொய். அந்தப் பொய் என்னிடமிருந்து கிளம்பியது. அது எப்படி நடந்தது என்று உனக்கு ஒன்று விடாமல் சொல்லப் போகிறேன்.

உனக்கு ஐந்து வயதில் முகமும் காலும் வீங்க ஆரம்பித்தன. காலையில் எழுந்தால் இமை பிரியாது. தருமபுரியில் ஒரு குழந்தை டாக்டர் உன் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் பிடித்துக் கொதிக்க வைத்து, அது பால் திரிந்ததுபோல வெள்ளையாகக் கட்டி நிற்பதை எங்களுக்குக் காட்டினார். சிறுநீரகம் உடம்பின் சத்தையெல்லாம் வடியவிடுகிறது, மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை கொடுக்க வேண்டும் என்றார். கூடவே ஒரு எச்சரிக்கையும் செய்தார். "இந்த மாத்திரை வீக்கத்த வாங்கிடும்மா. ஆனா நோயை எதிர்க்கற சக்தியையும் சேர்த்து அடக்கி வெச்சுரும். சின்னப் புண்ணு வந்தாக்கூட எங்கிட்ட வரணும். என்னைக் கேக்காம வேற ஒரு மாத்திரைகூடக் குடுக்கக் கூடாது." அவர் இதைச் சொன்னது உன் அம்மாவைப் பார்த்து. நான் பக்கத்தில்தான் நின்றேன். அம்மா அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். தினமும் காலையில் ஸ்டவ்வைப் பற்றவைத்து அதே மாதிரிக் குழாயில் கொதிக்க வைத்துப் பார்த்து, காலண்டரில் அன்றைய தேதிக்குப் பக்கத்தில் பென்சிலால் குறிப்பாள். வீக்கம் வடியும், இரண்டு மாதத்தில் திரும்ப வரும், மாத்திரையைக் கூட்டுவார்கள். இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. எண்பதுகளின் நடுவில் ஒரு பங்குனி மாதம். நீ இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாய்.

அப்போது நான் கம்பைநல்லூரில் ஒரு புளி மண்டியில் மேற்பார்வை வேலையில் இருந்தேன். மாசி, பங்குனி என்றால் அரூர் மலைப்பக்கத்திலிருந்து வண்டி வண்டியாகப் புளி வந்து இறங்கும், மூட்டை கட்டி மொரப்பூருக்கு ஏற்ற வேண்டும். மூச்சுவிட நேரம் இருக்காது. அந்த நேரம் பார்த்து உனக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. தருமபுரிக்குக் கூட்டிப் போகலாம் என்று அம்மா சொன்னாள். போன மாதம்தானே போனோம், வயிற்றால் போவதற்கெல்லாம் தருமபுரிக்கு ஓட முடியுமா என்று நான் சத்தம் போட்டேன். அவளும் விடவில்லை. அன்று சாப்பிடாமல் மண்டிக்குப் போனேன். எனக்கு ஒரு மாதம் முன்னால் சீதபேதி வந்து, டாக்டர் கொடுத்த வெள்ளை மாத்திரையில் பாதி மீந்து பெட்டியில் கிடந்தது. எனக்குக் கேட்ட மருந்து என் பிள்ளைக்குக் கேட்காதா என்று நினைத்தேன். அம்மா தண்ணீர் பிடிக்கக் குழாய்க்குப் போன நேரத்தில் மாத்திரையைப் பாதியாக உடைத்து, வெல்லத்துக்குள் வைத்து உன் வாயில் போட்டேன். அம்மாவிடம் சொல்லாதே என்றேன். நீ தலையாட்டினாய்.

இரண்டே நாளில் வயிற்றுப்போக்கு நின்றுவிட்டது. எனக்குப் பெருமையாக இருந்தது. பார்த்தாயா, வீணாகத் தருமபுரிக்கு அலைந்திருப்போமே என்று அவளிடம் சொல்லிக் காட்டினேன். ஆனால் மாத்திரையை நிறுத்தவில்லை. ஆரம்பித்த மருந்தை முழுவதும் முடிக்க வேண்டும் என்று எங்கேயோ கேட்டிருந்தேன். காலையில் பாதி, சாயங்காலம் பாதி என்று எட்டு நாள் கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் நீ வெல்லத்துக்காக வாயைத் திறந்துகொண்டு காத்திருப்பாய்.

ஒன்பதாம் நாள் உனக்குக் காய்ச்சல் வந்தது. கண் இரண்டும் சிவந்து, வாயெல்லாம் வெந்துபோய், எச்சில்கூட விழுங்க முடியவில்லை. நான் லோடு ஏற்ற மொரப்பூர் போயிருந்தேன். சாயங்காலம் ஆகிவிட்டதால் அம்மா உன்னைத் தூக்கிக்கொண்டு தனபால் கம்பவுண்டரிடம் போனாள். கடைவீதியில் ஒரு சின்ன அறையில், கண்ணாடி அலமாரியில் மருந்து அடுக்கி வைத்துக்கொண்டு அவர் வைத்தியம் பார்த்தார். பட்டணத்து டாக்டர் ஒருவரிடம் பத்து வருஷம் வேலை செய்து கற்றுக்கொண்டவர். ஊரில் யாருக்கு அரிவாள் வெட்டு, யாருக்குக் கால் புண் என்றாலும் கட்டுப்போட அவரைத்தான் தேடுவார்கள். அவர் உன் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, புண்ணில் கிருமி சேர்ந்திருக்கும் என்று நினைத்து, முன்கையில் கொஞ்சமாகப் போட்டுச் சோதித்து, அரை மணி நேரம் உட்கார வைத்துப் பார்த்த பிறகே பென்சிலின் ஊசி போட்டிருக்கிறார். இதை அம்மாவே பிறகு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். சோதித்துப் பார்த்தும் இப்படிச் செய்துவிட்டானே என்று வசவோடு சேர்த்துத்தான் சொல்வாள்.

நான் ராத்திரி வெகுநேரம் கழித்துத்தான் வீடு திரும்பினேன். மறுநாள் விடிந்ததும் அவள் உன் சட்டையைக் கழற்றினாள். சட்டையோடு நெஞ்சுத் தோலும் கொஞ்சம் வந்துவிட்டது. அவள் போட்ட சத்தத்தில் தெருவே திரண்டது. நெஞ்சிலும் முதுகிலும் தீயில் சுட்டதுபோல நீர் கோத்த கொப்புளங்கள். விரல் பட்ட இடத்தில் தோல் வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. யாரோ ஓடிப்போய்த் தனபாலைக் கூட்டிவந்தார்கள். அவர் குனிந்து பார்த்தவர் உன்னைத் தொடவே இல்லை. "தருமபுரிக்குப் போவாதீங்க. நேரா சேலம் போயிருங்க. வாயும் கண்ணும் தோலும் ஒண்ணா போவுதுன்னா இங்க யாருக்கும் பாக்கத் தெரியாதுங்க" என்றார். வெளுத்த வேட்டி ஒன்றைக் கொதிநீரில் போட்டு ஆறவைத்து, அதில் உன்னைச் சுற்றச் சொன்னார். எங்களோடு பஸ்ஸில் மொரப்பூர் வரைக்கும் வந்து ரயில் ஏற்றிவிட்டார். ஏற்றும்போது ஒரு துண்டுச் சீட்டில், என்ன ஊசி, எவ்வளவு, எத்தனை மணிக்குப் போட்டேன் என்று எழுதி அம்மா கையில் கொடுத்தார். டாக்டரிடம் கட்டாயம் காட்டச் சொன்னார். தான் செய்ததைத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்த மனுஷன் அவர். என் சட்டைப் பையில் மீதி மாத்திரைப் பட்டை இருந்தது. அதைப் பற்றி எனக்கு நினைப்பே வரவில்லை என்று எழுதினால் நீ நம்பிவிடுவாய். நினைப்பு வந்தது. மொரப்பூர் பிளாட்பாரத்திலேயே வந்தது.

ரயிலில் அம்மை வந்த பிள்ளையை எதற்கு ஏற்றினீர்கள் என்று எதிரே இருந்தவர்கள் எழுந்து போனார்கள். ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று, காலியான பலகையில் உன்னைக் கிடத்த முடிந்தது. நீ அழவில்லை. அழுதால் உதடு கிழியும். சேலம் வரும்வரை அம்மா உன் முகத்துக்கு மேலே முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு, ஈ உட்காராமல் பார்த்துக்கொண்டாள்.

சேலத்து ஆஸ்பத்திரியில் தோல் டாக்டர் ஒரு பெண். என்னைவிட இளையவர். தனபாலின் சீட்டைப் படித்துவிட்டு, நீ ஸ்டீராய்டு சாப்பிடுகிறாய் என்று அம்மா சொன்னதையும் கேட்டுவிட்டு, எங்களை வெளியே அழைத்து நிறுத்திச் சொன்னார். இது மருந்து ஒத்துக்கொள்ளாமல் வருவது, உடம்பில் மூன்றில் ஒரு பங்குத் தோல் போய்விட்டது, தோல் போன இடமெல்லாம் கிருமிக்குத் திறந்த கதவு, இவன் உடம்பில் அதைத் தடுக்கிற சக்தி பாதிதான் இருக்கிறது என்றார். ஸ்டீராய்டைக் கூட்டினால் கிருமி ஜெயித்துவிடும், திடீரென்று நிறுத்தினால் உடம்பு தாங்காது, நடுவில் பிடித்துக்கொண்டு போக வேண்டும் என்றார். பிறகு கேட்டார், "நேத்து சாயங்காலம் போட்ட ஊசிக்கு விடியறதுக்குள்ள இவ்வளவு ஆவாது. ஊசிக்கு முந்தியே வாய் வெந்திருக்கு. இந்த மூணு வாரத்துல வேற என்ன மருந்து குடுத்தீங்க?" டாக்டர் கொடுத்ததைத் தவிர ஒன்றுமே இல்லை என்று அம்மா சத்தியம் செய்தாள். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். வேறு மருந்தே இல்லை என்றால் அந்த ஊசிதான் காரணம் என்று அம்மா அன்றே முடிவு கட்டிவிட்டாள்.

வராந்தாக் கோடியில் உனக்குத் தனி அறை கொடுத்தார்கள். கட்டிலில் விரிப்புப் போட்டால் சதையில் ஒட்டிக்கொள்ளும் என்று வாழையிலையில் படுக்க வைத்தார்கள். காலையும் மாலையும் நான் மார்க்கெட்டிலிருந்து இலைக்கட்டு வாங்கி வருவேன். அம்மா நடு நரம்பைச் சீவி எடுத்து, கழுவி, கொதிநீரில் வாட்டிக் கொடுப்பாள். நர்ஸ் அதில் தேங்காய் எண்ணெய் தடவிப் பரப்புவார். இலை மாற்ற மூன்று பேர் வேண்டும். உன்னைத் தூக்கும்போது தோள்பட்டையை எங்கே பிடிப்பது என்று தெரியாது, பிடிக்கத் தோல் இருக்கும் இடம் தேட வேண்டும். உப்பு நீரில் நனைத்த துணியைப் புண்ணின்மேல் போட்டு, காய்வதற்கு முன் எடுத்து, மறுபடி போட வேண்டும். எல்லாவற்றையும்விடக் கொடுமை கண். இமை கண்ணோடு ஒட்டிக்கொண்டால் பார்வை போய்விடும் என்று, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை களிம்பு தடவிய கண்ணாடிக் குச்சியை இமைக்குள் விட்டு மெதுவாக வழித்து எடுப்பார்கள். அப்போது நீ போட்ட சத்தம்தான் அந்த வராந்தா முழுவதும் கேட்கும். நான் வெளியே போய்விடுவேன். அம்மா உன் தலையைத் தன் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும், ஒரு தடவைகூடத் தவறாமல் அங்கேயே இருந்தாள்.

இரண்டாம் நாள் அம்மா உன் காதருகே குனிந்து, அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தெரியாமல் வெளியே ஏதாவது வாங்கித் தின்றாயா கண்ணு என்று கேட்டாள். உன்னால் பேச முடியாது. நீ என்னைப் பார்த்தாய். வீங்கிய இமைக்கு நடுவில் ஒரு கீற்றாகத்தான் கண் தெரிந்தது, ஆனாலும் என்னைத்தான் பார்த்தாய் என்று எனக்குத் தெரியும். பிறகு இல்லை என்று தலையசைத்தாய். ஏழு வயதுப் பிள்ளை. சொல்லாதே என்று நான் சொன்னதற்காக.

நான்காம் நாள் முதுகிலிருந்து எடுத்த துணியில் பச்சை நிறம் படிந்திருந்தது. ஒரு மாதிரி இனிப்பான வாடையும் வந்தது. டாக்டரம்மாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். பொல்லாத கிருமி, இரத்தத்தில் இறங்கினால் எதிர்த்து நிற்க இவனால் முடியாது என்றார். தீக்காயத்துக்குப் போடும் வெள்ளைக் களிம்பு ஒன்று இருக்கிறது, அதைத் தடவினால் இந்தக் கிருமி அடங்கும், ஆஸ்பத்திரியில் தீர்ந்துவிட்டது, வெளியே வாங்கி வாருங்கள் என்று சீட்டு எழுதினார். எழுதிய பேனாவை மூடாமல் எங்கள் இருவரையும் பார்த்து மறுபடி கேட்டார், "இந்தக் களிம்புல சல்பா இருக்கு. அவன் சல்பா மாத்திரை ஏதாவது சாப்பிட்டிருந்தான்னா இதைத் தொடவே கூடாது. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க." அம்மா இல்லை என்றாள். நானும் இல்லை என்றேன். என்னிடம் இருந்தது வயிற்று மாத்திரை, அவர் கேட்பது வேறு என்னவோ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு சீட்டை வாங்கினேன்.

ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே மருந்துக் கடை. களிம்பை எடுத்துக் கொடுத்தார்கள். கிளம்பியவன் திரும்பி வந்து, பையிலிருந்த பட்டையை எடுத்துக் கடைக்காரரிடம் நீட்டி, இது என்ன மாத்திரை என்று கேட்டேன். அவர் கண்ணாடியை உயர்த்திப் பார்த்துவிட்டு, இது சல்பாங்க, வயித்துக்கும் குடுப்பாங்க, சளிக்கும் குடுப்பாங்க, நீங்க கையில வெச்சிருக்கிற களிம்பும் அதே வகைதான் என்று சாதாரணமாகச் சொன்னார். அங்கிருந்து வார்டுக்கு ரோட்டைத் தாண்டி ஒரு நூறு தப்படி இருக்கும். அந்த நூறு தப்படியில் நான் என்னென்ன நினைத்தேன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். நீ பிழைப்பாயா என்று நினைக்கவில்லை. உன் அம்மா என்னை என்ன சொல்வாள் என்று நினைத்தேன். மாமனார் வீட்டில் எப்படித் தலைநிமிர்ந்து நிற்பேன் என்று நினைத்தேன். ஒருவேளை களிம்பு ஒன்றும் செய்யாமல் இருக்கலாம் என்றுகூட நினைத்தேன். நர்ஸ் கையை நீட்டினார். களிம்பைக் கொடுத்துவிட்டேன்.

அம்மா குழாயடியில் இலை கழுவிக்கொண்டிருந்தாள். நர்ஸ் உன்னை ஒருக்களித்து வைத்து, வெள்ளைத் துணியில் களிம்பைப் பிதுக்கி, உன் முதுகை நோக்கிக் குனிந்தார். அவர் தொடுவதற்கு முன்பே நீ உடம்பைக் குறுக்கிக்கொண்டாய். அப்போதுதான் என் வாய் திறந்தது. "சிஸ்டர், போடாதீங்க. நான் குடுத்திருக்கேன். எட்டு நாளு குடுத்திருக்கேன்" என்றேன். அவர் துணியைத் தட்டில் போட்டுவிட்டு ஓடிப்போய் டாக்டரை அழைத்து வந்தார். டாக்டரம்மா என் கையிலிருந்த பட்டையை வாங்கிப் படித்தார். திட்டவில்லை. "நாலு நாளா கேட்டேனே" என்று மட்டும் சொன்னார். பிறகு வேலை மளமளவென்று நடந்தது. களிம்பு வேண்டாம் என்று, காடி என்கிற வினிகர் கலந்த தண்ணீரில் துணியை நனைத்துப் போட ஆரம்பித்தார்கள். அது புண்ணில் பட்டதும் நீ துடித்தாய். சிறுநீரகத்துக்கு ஆபத்தில்லாத அளவு பார்த்துப் பார்த்து வேறு ஊசி மருந்து ஏற்றினார்கள். நீ எவ்வளவு சிறுநீர் கழிக்கிறாய் என்பதை அம்மா அளந்து சொல்லச் சொல்ல, அதை வைத்து மருந்தின் அளவை மாற்றினார்கள். நான் டாக்டரம்மாவைத் தனியாகப் பார்த்து, என் மனைவிக்குத் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். நான் சொல்ல மாட்டேன், நர்ஸும் சொல்ல மாட்டார், நீங்கள்தான் சொல்ல வேண்டும், சொல்லியே ஆக வேண்டும் என்றார்.

மகனே, இந்த இடத்தில் படிப்பதை நிறுத்து. போய் அந்தப் படிவத்தில் பென்சிலினை அடித்துவிட்டு, சல்பா என்று எழுது. பெரிய எழுத்தில் எழுது. கண்ணில் விடும் சொட்டு மருந்தில் இருக்கலாம், களிம்பில் இருக்கலாம், எங்கே போனாலும் முதலில் அதைச் சொல். எழுதிவிட்டு வந்து மீதியைப் படி.

மூன்று நாள் பச்சை நிறம் போகவில்லை. உனக்கு உடம்பு ஜில்லிட்டு நடுக்கம் கண்டது, அது காய்ச்சலைவிட மோசம் என்று டாக்டரம்மா வார்டிலேயே உட்கார்ந்துவிட்டார். உன் பெரிய மாமா வந்து பார்த்துவிட்டு, வெளியே போய்ச் சுவரில் சாய்ந்து அழுதார். ஏழாம் நாள் துணி வெள்ளையாக வந்தது. பன்னிரண்டாம் நாள் காலையில், தோள்பட்டை ஓரத்தில் ரோஜா நிறத்தில் மெல்லிசாகப் புதுத் தோல் ஏறியிருப்பதை அம்மாதான் முதலில் பார்த்தாள். என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவள் முகத்தில் அத்தனை நாளாக இல்லாத ஒரு வெளிச்சம். அப்போது சொல்லியிருக்கலாம். அதைக் கெடுப்பானேன் என்று விட்டேன். ஒரு மாதம் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். டாக்டரம்மா என்னிடம் கொடுத்த காகிதத்தில் சிவப்பு மையில் சல்பா கூடாது என்று எழுதி, கீழே கோடு போட்டிருந்தார். ரயில் மொரப்பூரில் நிற்பதற்கு முன்னால், உன் அம்மா கண்ணயர்ந்த நேரத்தில், அந்தக் காகிதத்தைக் கிழித்து ஜன்னல் வழியாகப் போட்டேன்.

ஊருக்கு வந்த மூன்றாம் நாள் பெரிய மாமா என்னைக் கூட்டிக்கொண்டு தனபால் கடைக்குப் போனார். பின்னால் பத்துப் பதினைந்து பேர். அது சந்தை நாள். கண்ணாடி அலமாரியை மாமா காலால் உதைத்தார். தனபால் தடுக்கவில்லை. நடுவில் நின்றுகொண்டு என்னை மட்டும் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. என் ஊசியாலதான்னு சேலத்து டாக்டர் சொன்னாங்களா?" என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உள்ளே கதவோரம் அவர் மனைவி நின்றுகொண்டிருந்தார்.

"ஆமா" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். மாதம் முடிவதற்குள் அவர் கடையைக் காலி செய்துகொண்டு பென்னாகரம் பக்கம் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகு புதுத் தோலில் வெடிப்பு விட்டுப் புண்ணானபோதெல்லாம், கட்டு மாற்ற உன்னைத் தூக்கிக்கொண்டு தருமபுரிக்குப் போக வேண்டியிருந்தது. ஊரில் அந்த வேலை தெரிந்த ஒரே ஆளை நான்தான் துரத்தியிருந்தேன்.

பதினான்கு வயதில் உன் சிறுநீரக வியாதி தானாக நின்றது. தருமபுரி டாக்டரிடம் மட்டும் தனியாக உண்மையைச் சொல்லி வைத்திருந்தேன். அதன் பிறகு உனக்கு யார் மருந்துச் சீட்டு எழுதினாலும் நானே கடைக்குப் போனேன், கடைக்காரரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் வாங்கினேன். நீ கல்லூரியில் படிக்கும்போது ஒரு காய்ச்சலுக்காக நான் ஓசூர் வரைக்கும் பஸ் ஏறி வந்தேனே, உன் சிநேகிதர்கள் கேலி செய்தார்களே. அப்பாவுக்கு என்மேல் அவ்வளவு பாசம் என்று நீ சொன்னாயாம். பாசமும் உண்டு, ஆனால் என்னைப் பஸ் ஏற்றியது பயம். மஸ்கட்டில் உனக்கு முன்னால் மருந்துக் கடைக்குப் போய் நிற்க என்னால் முடியாது.

நீ போன் செய்த இரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெல்லத்திலிருந்து ஆரம்பித்து, காகிதத்தைக் கிழித்தது வரை. அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. நான் முடித்ததும் ஒன்று கேட்டாள், "அந்தக் களிம்ப அவன் முதுவுல தடவியிருந்தா, நீங்க எப்ப சொல்லியிருப்பீங்க?" இரண்டு நாள் எனக்குச் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு வாசலுக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். புதன்கிழமை காலையில் புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்று, "கெளம்புங்க. அவரு வூட்டுக்குப் போவணும்" என்றாள்.

பென்னாகரத்தில் இறங்கி விசாரித்தோம். ஒகேனக்கல் போகும் ரோட்டில் கொஞ்ச தூரம் தள்ளி, ஓட்டு வீடு. வாசலில் கேழ்வரகு காயப்போட்டிருந்தது. தனபாலுக்கு முடி முழுவதும் நரைத்திருந்தது, ஆனால் ஆளைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அவருக்கும் எங்களைத் தெரிந்தது. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். முதலில் கேட்டது, "பையனுக்குக் கண்ணு நல்லா தெரியுதுங்களா?" என்று. தெரியுது என்று அம்மா சொன்னாள். மஸ்கட் போகிறான் என்றும் சொன்னாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன்.

அவர் கேட்டுக்கொண்டிருந்தார். "எனக்குத் தெரியுமுங்க. ஊசிக்கு முந்தியே அவன் வாயி வெந்திருந்துச்சு. நீங்க ஆமான்னு சொன்னப்பவே, வேற என்னமோ நடந்திருக்குதுன்னு நெனச்சுக்கிட்டேன்" என்றார். ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று அம்மா கேட்டாள். பிள்ளையைப் பெற்ற தகப்பன் சொல்லும்போது நான் சொல்வது எடுபடுமா என்றார். குனிந்து கேழ்வரகை விரலால் பரப்பிவிட்டார். பிறகுதான் சொன்னார். "எம் பொண்டாட்டி போய்ச் சேந்து ரெண்டு வருசம் ஆவுது. சர்க்கரை வியாதி. தெனம் ஊசி போட்டுக்கணும். கடைசி வரைக்கும் என் கையால ஒரு ஊசி போட்டுக்கலைங்க. பக்கத்துத் தெரு நர்ஸம்மாகிட்ட நடந்து போயி போட்டுக்கிட்டு வருவா. நடக்க முடியாதப்பகூட."

உன் அம்மா எழுந்து உள்ளே போய், சுவரில் மாட்டியிருந்த அந்த அம்மாவின் போட்டோவுக்கு முன்னால் நின்றாள். வெகுநேரம் நின்றாள். நான் வாசலிலேயே நின்றுகொண்டேன். நான் என்ன செய்ய வேண்டும் என்று தனபாலிடம் கேட்டேன். ஒன்றும் வேண்டாம் என்றார். கிளம்பும்போது மட்டும், அன்றைக்குக் கம்பைநல்லூரில் சந்தைக்கு வந்திருந்தவர்கள் யாராவது உயிரோடு இருந்தால், அவர்களுக்குத் தெரிந்தால் நல்லது என்றார்.

நேற்று கம்பைநல்லூர் போனேன். அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. பெரிய மாமாவிடம் சொன்னேன், அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். அன்று பின்னால் வந்தவர்களில் நான்கு பேரைத்தான் தேடிப் பிடிக்க முடிந்தது. மற்றவர்கள் எங்கே இருக்கிறார்களோ தெரியவில்லை. அதனால்தான் உனக்கு மட்டும் எழுத வேண்டிய இந்தக் கடிதத்தை, உனக்குத் தபாலில் அனுப்புவதோடு, எல்லோரும் படிக்கும்படி அச்சுக்கும் கொடுக்கிறேன். உனக்குக் கூச்சமாக இருக்கும், பொறுத்துக்கொள். சந்தை நாளில் கம்பைநல்லூர்க் கடைவீதியில் நின்று நான் ஆமா என்று சொன்னதைக் கேட்டவர்கள் யாராவது இதைப் படித்தால், அவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: இல்லை. சேலத்து டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. தனபால் கம்பவுண்டர் போட்ட ஊசியில் ஒரு குற்றமும் இல்லை. என் பிள்ளை உயிரோடு சேலம் போய்ச் சேர்ந்தது அவரால்.

அப்பா